திரும்புறதுக்கு ஒரு விலை வேணும் சாமி!

“ஏங்க, ஒரு படையைத் திருப்புறதுக்கு ஒன்றரை பக்கம் ரூல்ஸா? பேசாம நாலு இஞ்ச் எப்படி வேணாலும் நகர்த்திக்கலாம்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?”

பொம்மைப் படை வெச்சு மேஜையில யுத்தம் ஆடுற கூட்டம் எதுக்குப் போனாலும் இப்பல்லாம் இந்த டயலாக்கைக் கேட்காம வர முடியறதில்ல. போன மாசமும் கேட்டேன். சொன்னவர் நல்ல மனுஷர். என்னை விடப் பத்து வயசு பெரியவர், எங்க கூட்டத்துக்கே டீயும் சமோசாவும் வாங்கித் தர்ற அண்ணன். அதனால அங்க வாயைத் திறக்கலை. இங்க திறக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு முதல்ல ரெண்டு வரி. (தெரிஞ்சவங்க இந்தப் பாராவைத் தாண்டிடுங்க.) கட்டைவிரல் உசரத்துக்குப் பொம்மைச் சிப்பாய்கள். ஒவ்வொருத்தனும் ஒரு சின்ன சதுரப் பலகை மேல நிக்கிறான், அதுக்குப் பேர் பேஸ். இருபது பேரைத் தோளோட தோள் ஒட்டி நாலு வரிசையா நிறுத்தினா அது ஒரு யூனிட். ஆறடிக்கு நாலடி மேஜை, ஒரு இஞ்ச் டேப், கை நிறைய டைஸ். நான் ஒரு தடவை, நீங்க ஒரு தடவைன்னு மாத்தி மாத்தி நகர்த்தணும், கிட்ட வந்தா சண்டை. நம்ம சதுரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம். ஆனா மேஜையில கட்டம் கிடையாது. அங்கதான் எல்லா வம்பும் ஆரம்பிக்குது.

நேரா முன்னாடி போறதுல யாருக்கும் தகராறு இல்லை. திருப்பணும்னா? வார்ஹேமரோட பழைய பதிப்புகள்ல இதுக்கு ‘வீல்’னு ஒரு விதி உண்டு. முன்வரிசையோட ஒரு மூலை ஆணி அடிச்ச மாதிரி அசையாம நிக்கும். மறு மூலை கதவு திறக்கிற மாதிரி வட்டமடிச்சு வரும். அந்த வெளிமூலைக்காரன் எவ்வளவு தூரம் நடந்தானோ, அதுதான் மொத்த யூனிட்டும் நடந்ததா கணக்கு.

இப்ப கணக்குப் போடுங்க. (நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சது இதுக்காவது உதவட்டும்.) ஒரு ஆளோட பேஸ் 20 மி.மீ. அஞ்சு பேர் அகலம்னா 100 மி.மீ, சுமாரா 4 இஞ்ச். மனுஷக் காலாட்படை ஒரு தடவைக்கு 4 இஞ்ச் நடக்கும். வெளிமூலைக்காரன் 4 இஞ்ச் வட்டமடிச்சா யூனிட் ஏறக்குறைய 57 டிகிரி திரும்பியிருக்கும். அதே ஆட்களைப் பத்து பேர் அகலமா நிறுத்தினா அதே 4 இஞ்ச்ல 29 டிகிரிதான் திரும்பும். அகலம் ரெட்டிப்பானா திருப்பம் பாதி.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்டா, ஆட்டமே இதுலதாங்க இருக்கு. அகலமா நின்னா நிறைய பேர் ஒரே நேரத்துல குத்தலாம், ஆனா பக்கவாட்டுல ஒருத்தன் வந்தா திரும்ப நேரம் இருக்காது. ஒடுக்கமா நின்னா சட்டுனு திரும்பலாம், ஆனா கைகலப்புன்னு வந்தா முன்னாடி நிக்கிற நாலஞ்சு பேர்தான் வேலை செய்வான். எது வேணும்னு எதிரி வர்றதுக்கு ரெண்டு தடவை முன்னாடியே முடிவு பண்ணணும். 2000-ல வந்த ஆறாம் பதிப்புல இன்னும் விலைப்பட்டியல் உண்டு. நின்ன இடத்துலயே எல்லாரும் பக்கம் திரும்பினா கால்வாசி நடை போச்சு. அகலத்தைக் கூட்டினா குறைச்சா பாதி நடை போச்சு. மொத்தமா கலைச்சு மறுபடி அணிவகுத்தா அந்தத் தடவையே போச்சு. கையில காசு 4 இஞ்ச். எதுல செலவு பண்றீங்க?

நிற்க. இந்த விதிக்கு ஒரு வியாதி இருக்கு, அதை மறைக்க மாட்டேன்.

வெளிமூலைக்காரன் நடந்த 4 இஞ்ச்சை வளைஞ்ச கோட்டுல அளந்தா 57 டிகிரி. டேப்பை நேரா நீட்டி அளந்தா 60 டிகிரி. இந்த 3 டிகிரி யூனிட்டோட ஓரத்துல 5 மி.மீ ஆகுது. அந்த 5 மி.மீ இருந்தா என் ஈட்டிக்காரன் எதிரியைத் தொடுவான், இல்லேன்னா வெட்டவெளியில பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிப்பான். மாசாமாசம் வீட்டுக்கடன் கட்டுற ரெண்டு பெரிய மனுஷங்க, மேஜை மேல கன்னத்தை வெச்சு, ஒத்தைக்கண்ணால பார்த்து, அந்த 5 மி.மீ-க்காக அரைமணி நேரம் வாதாடினதை நேர்ல பார்த்திருக்கேன். அன்னிக்குப் புதுசா ஆட வந்த ஒரு காலேஜ் பையன் ஓரமா ஸ்டூல்ல உட்கார்ந்து போனை நோண்டிட்டு, கிளம்பறேன்ணான்னு போனவன்தான். அப்புறம் ஆளையே காணோம். அண்ணன் கடுப்பாகுறதுல நியாயம் இல்லாம இல்லை.

ஆனா வைத்தியம்னு என்ன பண்ணாங்க? 2015-ல வார்ஹேமரோட அந்தப் பழைய உலகத்தையே மூட்டை கட்டிட்டு ஏஜ் ஆஃப் சிக்மார்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. முதல்ல வந்தப்போ மொத்த விதியும் நாலே பக்கம். சதுர பேஸுக்குப் பதிலா வட்ட பேஸ். ஒவ்வொரு பொம்மையும் எந்தத் திசையில வேணாலும் நகரலாம், கூட்டத்தை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாம இருந்தா போதும். முன்பக்கம் கிடையாது. பக்கவாட்டு கிடையாது. முதுகு கிடையாது. முதுகே இல்லாதவனை முதுகுல எப்படிய்யா குத்துறது?

பக் இருக்குன்னு ஃபீச்சரையே தூக்கின கதை இது. லாகின் பக்கத்துல பாஸ்வேர்டு சரிபார்க்கிறது தப்பா வேலை செய்யுதுன்னு டிக்கெட் வந்தா, பாஸ்வேர்டே வேணாம், எல்லாரும் உள்ள வாங்கன்னு சொல்லிட்டு டிக்கெட்டை மூடுற மாதிரி. டிக்கெட் மூடியாச்சு, யாரும் புகார் சொல்லலை, மேனேஜருக்கு சந்தோஷம். (ஏஜ் ஆஃப் சிக்மார் மோசமான ஆட்டம்னு நான் சொல்லலை. கைகலப்பு ஆட்டமா ஜாலியா இருக்கும். அது படை நகர்த்துற ஆட்டம் இல்லை, அவ்வளவுதான்.) 2024 ஜனவரியில ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ங்கிற பேர்ல அதே சதுர பேஸும் வரிசையும் வீலும் திரும்பி வந்தது. யாருக்குமே பிடிக்காத விதின்னா ஏன் சாமி திரும்பி வரணும்?

வீல் விதி ஏதோ ரூல்புக் எழுதுறவன் பொழுது போகாம கண்டுபிடிச்ச குடைச்சல்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம் அதுதான். தோளோட தோள் ஒட்டி நின்னு சண்டை போட்ட காலம் முழுக்க ஒவ்வொரு படைத்தளபதிக்கும் ராத்திரி தூக்கம் கெடுத்த பிரச்சினை இது.

1792-ல பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஒரு டிரில் விதிமுறை வந்தது, டேவிட் டண்டாஸ்ங்கிற தளபதியோட வேலையை வெச்சு. சாதாரண நடை நிமிஷத்துக்கு 75 எட்டு. வேக நடை 108. ஒரு எட்டு 30 இஞ்ச். ஆனா வீல் பண்ணும்போது மட்டும் 120! ஏன்னா வெளிப்பக்கம் நிக்கிறவன்தான் அத்தனை தூரத்தையும் நடந்து தீர்க்கணும், அவன் மெதுவா நடந்தா மொத்தப் படையும் அவனுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். இந்த மனுஷருக்கு ராணுவத்துல வெச்ச பட்டப்பேரே ‘ஓல்ட் பிவட்’. நம்ம பாஷையில சொன்னா அச்சாணிக் கிழவர்.

ஸ்கூல்ல என்சிசி-ல இருந்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். ‘தைனே கூம்’னு சொன்ன உடனே உள்பக்கம் நிக்கிறவன் நின்ன இடத்துலயே ஹாயா கால் தட்டுவான். வெளிப்பக்கக் கோடியில நிக்கிற ஒல்லிப்பிச்சான் ஓட்டமும் நடையுமா மூச்சு வாங்குவான். நான் ஒல்லிப்பிச்சான். மூணு பேர் அகலத்துக்கே அந்தப் பாடு.

ஒரு பட்டாலியன் 100 மீட்டர் அகலத்துக்கு வரிசையா நிக்குதுன்னு வைங்க. அது ஒரே கதவா 90 டிகிரி திரும்பணும்னா கடைசி ஆள் 157 மீட்டர் நடக்கணும். நிமிஷத்துக்கு 120 எட்டுன்னா சுமாரா 91 மீட்டர். அப்போ ஒன்னேமுக்கால் நிமிஷம் ஆகும், அதுவும் கிரிக்கெட் மைதானம் மாதிரி சமதரையில, யாரும் சுடாம இருந்தா. உழுத வயல்ல வரிசை கிழிஞ்சு நார் நாராயிடும். அதனால என்ன பண்ணாங்க? பத்து துண்டாப் பிரிச்சாங்க. ஒவ்வொரு துண்டும் 10 மீட்டர் அகலம், ஒவ்வொண்ணும் தனித்தனி சின்னக் கதவு. இப்ப கடைசி ஆள் நடக்க வேண்டியது 16 மீட்டர் கூட இல்லை. பத்தே செகண்ட்ல மொத்த வரிசையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கிற நீள அணியா மாறிடும். எங்க வேணுமோ அங்க நடந்து போய், மறுபடி பத்து கதவையும் ஒரே நேரத்துல மூடினா திரும்பவும் 100 மீட்டர் வரிசை. துண்டுக்குத் துண்டு இடைவெளி சரியா ஒரு துண்டோட அகலம் இருக்கணும். கூடினா வரிசையில ஓட்டை விழும், குறைஞ்சா ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறுவான். இதுக்குத்தான் அந்தக் காலத்துச் சிப்பாயை வருஷக்கணக்குல மைதானத்துல போட்டு வறுத்தெடுத்தாங்க.

கவனிச்சீங்களா? அகலம் குறைஞ்சா திருப்பம் சீக்கிரம். மேலே நம்ம 20 மி.மீ பொம்மைக்குப் போட்ட அதே கணக்கு.

இதை வெச்சு ஒரு ராஜா ஒரு போரையே ஜெயிச்சிருக்கார். 1757 டிசம்பர் 5, லாய்த்தன். பிரஷ்யாவோட இரண்டாம் பிரெடரிக் கையில சுமார் 33,000 பேர். எதிர்ல ஆஸ்திரியப் படை 60,000-க்கும் மேல, மேற்கு பார்த்து மைல் கணக்குல நீண்ட வரிசை. பிரெடரிக் முதல்ல அவங்களோட வலது பக்கம், அதாவது வடக்குக் கோடியில இறங்குற மாதிரி பாவ்லா காட்டினார். ஆஸ்திரியாக்காரங்க கையில இருந்த உபரிப் படையை அங்க அனுப்பினாங்க. பிரெடரிக்கோ தன் படையை நீள அணியாக்கி, சின்னச் சின்னக் குன்றுகளுக்குப் பின்னால மறைஞ்சு தெற்கே நடத்திட்டுப் போய், அவங்களோட இடது கோடியில எல்லாக் கதவையும் மூடி வரிசையாக்கிட்டார். ஆஸ்திரிய வரிசை மேற்கு பார்த்து நிக்குது, அடி தெற்கிலிருந்து விழுது. அத்தனை நீள வரிசையை அவசர அவசரமாத் தெற்கு பார்த்துத் திருப்பப் பார்த்து, லாய்த்தன் கிராமத்தைச் சுத்தி ஒருத்தன் மேல ஒருத்தன் குவிஞ்சு நின்னாங்க. சாயங்காலத்துக்குள்ள கதை முடிஞ்சுது.

இப்ப இதே லாய்த்தனை நம்ம அண்ணன் கேட்கிற ‘எப்படி வேணாலும் நகர்த்திக்கலாம்’ விதியில ஆடுங்க. பிரெடரிக் மாங்குமாங்குன்னு அஞ்சு தடவை நடந்து தெற்கே வந்து சேர்வார். ஆஸ்திரியாக்காரர் தன் தடவை வந்ததும் சமோசாவைக் கடிச்சுக்கிட்டே எல்லாப் பொம்மையையும் தெற்கு பார்த்துத் திருப்பி வெச்சிடுவார். முடிஞ்சுது. அஞ்சு தடவை நடந்தது வேஸ்ட். அப்புறம் எவன் சுத்தி வளைச்சுப் போவான்? ரெண்டு பேரும் நடு மேஜைக்கு வந்து முட்டிக்க வேண்டியதுதான், டைஸ் நல்லா விழுறவன் ஜெயிப்பான். ‘இந்தப் புது விதியில எல்லா ஆட்டமும் நடுவுல போய் ஒரே குப்பையா முடியுதுப்பா’ன்னு சலிச்சுக்கிறதும் இதே ஆட்கள்தான். விலையை எடுத்தது நீங்க, அப்புறம் யாரைக் குறை சொல்றது?

இன்னும் பழசு வேணுமா, கி.மு. 197, சைனோசெஃபலே. ரோமானியர்களோட வலது பக்கம் ஜெயிச்சுக்கிட்டு இருந்தப்போ ஒரு அதிகாரி அங்கேருந்து இருபது மணிப்பிள்களை (சின்னச் சின்னத் துண்டுகள்) பிரிச்செடுத்துட்டுப் போய், இன்னொரு பக்கம் ஜெயிச்சுக்கிட்டு இருந்த மாசிடோனிய ஃபாலங்ஸோட முதுகுல விட்டார். அஞ்சாறு மீட்டர் ஈட்டியைத் தூக்கிட்டு நெருக்கமா நிக்கிறவனால திரும்பவே முடியலை. அந்த அதிகாரியோட பேரைக் கூட வரலாறு எழுதி வைக்கலை, அது வேற சோகம்.

இதுக்கு விவரமான ஆட்கள் ஒரு பதில் சொல்வாங்க. “தம்பி, தளபதி எவனும் டிகிரி கணக்குப் போடலை. ‘அந்தப் பக்கம் திரும்பு’ன்னு உத்தரவு போட்டார், மீதியை சார்ஜென்ட் பார்த்துக்கிட்டான். நீ தளபதியா ஆடுறியா, சார்ஜென்டா ஆடுறியா?”

நல்ல கேள்வி. தளபதி டிகிரி கணக்குப் போடலைதான், ஆனா எவ்வளவு நேரம் ஆகும்னு அவருக்கு அத்துப்படி. அந்த நேரம் ஆட்டத்துல எங்கேயாவது தெரியணும். எப்படித் தெரியணும்ங்கிறதுல நான் பிடிவாதக்காரன் இல்லை. மில்லிமீட்டர்லதான் இருக்கணும்னு எவன் சொன்னான்? பிரஷ்யாவுல 1824-ல ரைஸ்விட்ஸ் போட்ட போர் விளையாட்டுல பக்கம் பக்கமா அட்டவணை இருந்தது. 1876-ல வெர்டி து வெர்னுவா அட்டவணையெல்லாம் வேணாம், அனுபவப்பட்ட அதிகாரி நடுவரா உட்கார்ந்து தீர்ப்பு சொல்லட்டும்னுட்டார். அருமையான யோசனை. ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பிரஷ்ய அதிகாரிக்கு நான் எங்க போறது?

நடுவர் இல்லாமலே விலையை வேற மாதிரி வசூல் பண்ற ஆட்டங்கள் இருக்கு. டிபிஏ-ன்னு செல்லமாச் சொல்ற ‘டி பெல்லிஸ் ஆன்டிகிட்டாட்டிஸ்’, 1990, ஃபில் பார்க்கர் கோஷ்டி. மொத்தப் படையே பன்னெண்டு துண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு டைஸ், எத்தனை விழுதோ அத்தனை நகர்வு. துண்டுகள் ஒட்டி வரிசையா நின்னா எல்லாம் சேர்ந்து ஒரே நகர்வுல போகலாம், ஆனா விறைப்பாத்தான் போகணும், வீல் மட்டும்தான். தனித்தனியாப் பிரிஞ்சா ஒவ்வொண்ணும் இஷ்டத்துக்குத் திரும்பும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனி விலை. டைஸ்ல 1 விழுந்த அன்னிக்கு வரிசை கலைஞ்சிருந்தா அம்பேல்! இந்த ஒரு யோசனைக்கே அவருக்குக் கோயில் கட்டலாம். (அவர் எழுதுற இங்கிலீஷைப் படிக்க வைக்கணும்னா பிரசாதம் நிறையத் தரணும்.) அதுலயும் துண்டைக் கோணலா நிறுத்தி எதிரி நேரா வந்து ஒட்ட முடியாம பண்ற மூலைத் திருட்டு உண்டு. நகர்வுக்கு விலை வெச்சது பிரமாதம், மில்லிமீட்டரை மட்டும் விடலை.

எதிர்க்கோடியில பிளாக் பவுடர், 2009. உத்தரவை முதல்ல வாய்விட்டுச் சொல்லணும், அப்புறம்தான் டைஸ். விழறதைப் பொறுத்து ஒண்ணு, ரெண்டு, இல்லேன்னா மூணு தடவை நகரலாம், ஒண்ணுமே நகராமலும் போகலாம். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படணும்ங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா காலாட்படைக்கு ஒரு நகர்வு 12 இஞ்ச். மூணு நகர்வுன்னா 36 இஞ்ச். நான் ஒரு மணி நேரமா யோசிச்சு மறைச்சு வெச்ச பக்கவாட்டுக்கு ஒருத்தன் ஒரே வீச்சுல வந்து நிக்கிறான். விலை இருக்கு, ஆனா லாட்டரிச் சீட்டு விலை.

சரி, விலையும் வேணும், சண்டையும் வரக்கூடாதுன்னா என்ன வழி? ஃப்ளோட்டைத் தூக்கிப் போட்டு இன்டிஜர் ஆக்குறதுதான். 2012-ல வந்த எக்ஸ்-விங் விண்வெளி ஆட்டத்துல டேப்பே கிடையாது. நேர் கோடு, 45 டிகிரி வளைவு, 90 டிகிரி வளைவுன்னு அட்டை வெட்டிக் கொடுத்துடறாங்க. கப்பலுக்கு முன்னாடி அட்டையை வை, அந்தக் கோடியில கப்பலை வை. அட்டை கூட எவனும் வாதாட முடியாது. 2014-ல வந்த ‘டு த ஸ்ட்ராங்கஸ்ட்’ மேஜைக்கே கட்டம் போட்டு, டைஸுக்குப் பதிலாக் கார்டு வெச்சுது. ஒரு யூனிட்டை மறுபடி மறுபடி நகர்த்தணும்னா ஒவ்வொரு தடவையும் முந்தின கார்டை விடப் பெரிய கார்டு வரணும். திருப்பிட்டு நடக்கணுமா, ரெண்டாவது கார்டுக்குச் சாமி கும்பிட்டுக்கங்க. 5 மி.மீ பஞ்சாயத்துக்கு இடமே இல்லை, திரும்புறதுக்கு விலையும் இருக்கு. முடியாதுன்னு சொன்னவங்களுக்கு முடிச்சுக் காட்டியாச்சு.

நாங்க மூணு பேர் இப்ப ஆடுற வீட்டு விதியையும் சொல்லிடறேன், பிடிச்சா எடுத்துக்கங்க. கல்யாணப் பத்திரிகை அட்டையில (கனம் அதுதான் சரியா இருக்கு) மூணு முக்கோணத் துண்டு. ஒண்ணு 60 டிகிரி, ஒண்ணு 30, ஒண்ணு 20. யூனிட் 4 இஞ்ச் அகலம் வரைக்கும் 60 அட்டை, 8 இஞ்ச் வரைக்கும் 30, 12 இஞ்ச் வரைக்கும் 20. கூர்முனையை அசையாத மூலையில வெச்சு, யூனிட்டை அட்டையோட மறு விளிம்புக்குத் திருப்பிட்டா முழு நடையும் தீர்ந்துது. ஒவ்வொரு அட்டையையும் சரியா நடுவுல மடிச்சு ஒரு கோடு. கோடு வரைக்கும் திரும்பினா பாதி நடை மிச்சம். இடைப்பட்ட கோணம் கிடையவே கிடையாது. நல்லா டிரில் எடுத்த படைன்னா ஒரு சைஸ் பெரிய அட்டை எடுத்துக்கலாம். 2008-ல வந்த ஃபீல்ட் ஆஃப் குளோரி படைகளை டிரில் எடுத்தது, எடுக்காததுன்னு பிரிச்சுது பாருங்க, அங்கேருந்து சுட்டது.

இதுவரைக்கும் பதினோரு ஆட்டம் ஆடியாச்சு. ஒரு திருப்பத்துக்கு அஞ்சு செகண்ட் கூட ஆகலை. பக்கவாட்டுக்குச் சுத்தி வர்றவனுக்கு மதிப்பும் வந்திருக்கு. குதிரைப்படை ஓடிப்போய்த் திரும்பி வர்றதுக்கு மட்டும் 60 அட்டை ரொம்ப மலிவா, சரியான்னு இன்னும் பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு. என் கட்சி, மலிவு.